144 ஹெர்ட்ஸுக்கு எது முக்கியம்: புராசஸரா, கிராபிக்ஸ் கார்டா?

"மக்கா, 4060 போட்டா வேலரன்ட்ல 240 வருமா?"

பிசி அசெம்பிள் பண்ணப் போற யாரும் முதல்ல கேட்கிற கேள்வி இதுதான். கார்டு பேரைச் சொல்லித்தான் எஃப்.பி.எஸ். கேட்பாங்க. புராசஸர் பேரைச் சொல்லிக் கேட்கிறவங்க ரொம்பக் குறைவு. அதனால பட்ஜெட்டில் பாதிக்கு மேல் கார்டுக்கே போயிடும். மீதிக் காசில் எது கிடைக்குதோ அந்த புராசஸர், ஒரே ஒரு ரேம் ஸ்டிக், கூடவே ஆசைப்பட்ட 144 ஹெர்ட்ஸ் மானிட்டர். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு, ரெண்டு டீமும் ஒரே சைட்டில் மோதுற நேரத்துல எஃப்.பி.எஸ். 90-க்கு இறங்கும். உடனே வர்ற தீர்ப்பு: "கார்டு பத்தலடே, இன்னும் பெரிசு போடணும்."

இந்தத் தீர்ப்பு பல நேரம் தப்பு. தப்பான இடத்துல போடுற காசு சின்னக் காசும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்துல மார்த்தாண்டம், சிதறால் பக்கத்து வீடுகள்ல ரப்பர் ஷீட் வித்த பணம்தான் பல பேருக்கு காலேஜ் ஃபீஸ். ஒரு கணக்குக்கு ஷீட் கிலோ 180 ரூபாய், கார்டு 27,000 ரூபாய்னு வச்சுக்குங்க. அந்தக் கார்டு 150 கிலோ ஷீட். அது பாதி வேலைதான் செய்யுதுன்னா, 75 கிலோ ஷீட்டைக் கேபினெட்டுக்குள்ள சும்மா வச்சிருக்கோம்னு அர்த்தம்.

ஆகவே கார்டு வாங்குறதுக்கு முன்னாடி, ஒரு ஃப்ரேம் எப்படி உருவாகுதுன்னு கொஞ்சம் பார்த்துடலாம்.

எஃப்.பி.எஸ்-ஐ விடுங்க, மில்லி செகண்டைப் பாருங்க

மானிட்டர் 60 ஹெர்ட்ஸ் என்றால் செகண்டுக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும். அதாவது ஒரு ஃப்ரேமுக்குக் கிடைக்கிற நேரம் 16.67 மில்லி செகண்ட். 144 ஹெர்ட்ஸில் 6.94. 240 ஹெர்ட்ஸில் 4.17. 360 ஹெர்ட்ஸில் 2.78.

இந்த எண்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 60-லிருந்து 144-க்குப் போகும்போது ஒரு ஃப்ரேமுக்கு 9.7 மில்லி செகண்ட் மிச்சம். 144-லிருந்து 240-க்குப் போனால் 2.8 தான் மிச்சம். 240-லிருந்து 360-க்கு 1.4. அதனாலதான் 60-லிருந்து 144-க்கு மாறினவன் "வேற லெவல்டே" என்கிறான். 144-லிருந்து 240-க்கு மாறினவன் கொஞ்சம் யோசிச்சுத்தான் பதில் சொல்றான்.

மிச்சமாகிற நேரம் குறைஞ்சுகிட்டே போகுது. ஆனா அந்த நேரத்துக்குள்ள முடிக்க வேண்டிய வேலை குறையாது. 144 எஃப்.பி.எஸ். வேணும்னா ஃப்ரேமுக்கான எல்லா வேலையும் 6.94 மில்லி செகண்டுக்குள்ள முடியணும். அதை முடிக்க வேண்டியவங்க ரெண்டு பேர்.

ஷீட் அடிக்கிற இடத்துல ரெண்டு பேர்

சிதறால்னு சொன்னா வெளியூர்க்காரங்களுக்கு மலைக்கோவிலும் சமணச் சிற்பங்களும் ஞாபகம் வரும். அந்தப் பக்கத்துக்காரங்களுக்கு ரப்பர் மரமும் ஞாபகம் வரும். விடியற்காலை பால் வெட்டி, சிரட்டையில சேர்ந்த பாலை எடுத்து, வடிகட்டி, தண்ணியும் ஆசிட்டும் கலந்து டிரேயில ஊத்தி வைப்பாங்க. அது உறைஞ்சு கட்டியான பிறகு ரோலர் மெஷின்ல கொடுத்து ஷீட்டா அடிப்பாங்க.

இதுல ரெண்டு வேலை. ஒருத்தர் டிரேயில் உறைஞ்ச கட்டியை எடுத்து, கையால அமுக்கித் தட்டையாக்கித் தருவார். இன்னொருத்தர் அதை ரோலருக்குள்ள விட்டு இழுப்பார். முதல் ஆள்தான் புராசஸர். ரோலர்தான் கிராபிக்ஸ் கார்டு.

கேமில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் புராசஸர் செய்கிற வேலை இது: மவுஸையும் கீபோர்டையும் படிக்கணும். சர்வரிலிருந்து வந்த தகவலை வச்சு எதிராளி எங்கே நிக்கிறான்னு கணக்குப் போடணும். புல்லட் பட்டதா, சுவரில் மோதியதா, கேரக்டரின் கை கால் எந்த நிலையில் இருக்குன்னு முடிவு பண்ணணும். கடைசியா, "இந்தப் பொருளை இந்த இடத்தில் வரை" என்று கார்டுக்கு உத்தரவுகள் அனுப்பணும். அந்த உத்தரவுகளுக்குப் பேர்தான் டிரா கால். அதை வாங்கின கார்டு முக்கோணங்களையும் ஒளியையும் நிழலையும் கணக்கிட்டு ஒவ்வொரு பிக்சலுக்கும் நிறம் கொடுக்கும்.

ரெண்டு பேரும் ஒருத்தர் முடிக்கிற வரை இன்னொருத்தர் காத்திருக்கிறதில்லை. கார்டு ஒரு ஃப்ரேமை வரையும்போதே புராசஸர் அடுத்த ஃப்ரேமைத் தயார் பண்ணும். கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் பேப்பரில் படிச்ச அதே பைப்லைன். அதனால எஃப்.பி.எஸ்-ஐ முடிவு பண்றது ரெண்டு பேர் எடுக்கும் நேரத்தின் கூட்டல் இல்லை. யார் அதிக நேரம் எடுக்கிறாங்களோ அவங்க நேரம் மட்டும்தான். கட்டியை எடுத்துக் கொடுக்கிறவர் மெதுவா இருந்தா, ரோலர் எவ்வளவு பெரிசா இருந்தாலும் சும்மா நிக்கும். பக்கத்துல இன்னொரு ரோலர் வாங்கிப் போட்டாலும் ஷீட் கூடாது.

ரெசல்யூஷன் என்பது கட்டியின் தடிமன் மாதிரி. கட்டி தடிமனா இருந்தா ரோலரில் திரும்பத் திரும்ப விடணும். எடுத்துக் கொடுக்கிறவருக்கு அதனால பெருசா வித்தியாசம் இல்லை. 1080பி என்றால் 20.7 லட்சம் பிக்சல். 1440பி என்றால் 36.9 லட்சம், அதாவது 1.78 மடங்கு. 4கே என்றால் 82.9 லட்சம், சரியா நாலு மடங்கு. இந்தப் பாரம் பெரும்பாலும் கார்டு மேலதான் ஏறும். எதிராளி எங்கே நிக்கிறான்னு பார்க்கிற கணக்கு 1080பியிலும் 4கேயிலும் ஒண்ணுதான்.

ரெண்டு கூரை

இதை எண்ணில் போட்டுப் பார்ப்போம். இவை எந்த பிசியிலும் அளந்த எண்கள் இல்லை. கணக்கு புரிய எடுத்துக்கொண்டவை.

ஒரு கேமில் புராசஸருக்கு ஃப்ரேமுக்கு 6 மில்லி செகண்ட் ஆகுதுன்னு வச்சுக்குவோம். அப்போ புராசஸரின் கூரை 166 எஃப்.பி.எஸ். கார்டுக்கு 1080பி லோ செட்டிங்கில் 3 மில்லி செகண்ட், 1080பி ஹையில் 5, 1440பி ஹையில் 9.

கிடைக்கும் எஃப்.பி.எஸ்:
1080பி லோ: 166
1080பி ஹை: 166
1440பி ஹை: 111

இப்ப ரெண்டு மடங்கு வேகமான கார்டு வாங்குறோம். கார்டு நேரம் 1.5, 2.5, 4.5 ஆகக் குறையும். எஃப்.பி.எஸ்:
1080பி லோ: 166
1080பி ஹை: 166
1440பி ஹை: 166

1080பியில் ஒரு ஃப்ரேம்கூடக் கூடல. காசு முழுக்கப் போச்சு.

பழைய கார்டையே வச்சுக்கிட்டு, 4 மில்லி செகண்டில் வேலையை முடிக்கிற புராசஸர் போட்டா:
1080பி லோ: 250
1080பி ஹை: 200
1440பி ஹை: 111

இப்ப 1080பியில் ஏறியிருக்கு, 1440பியில் அசையல.

ஹை ரிஃப்ரெஷ் ரேட்டின் அடிப்படையே இதுதான். கார்டின் கூரையை நாம ஏத்தவும் இறக்கவும் முடியும். ரெசல்யூஷனைக் குறை, ஷேடோவைக் குறை, டிஎல்எஸ்எஸ் அல்லது எஃப்எஸ்ஆர் போடு, கூரை ஏறும். புராசஸரின் கூரையை செட்டிங்ஸ் வச்சு அவ்வளவு எளிதா ஏத்த முடியாது. வாங்கும்போது எங்கே வச்சோமோ கிட்டத்தட்ட அங்கேயே நிக்கும். 60 ஹெர்ட்ஸ் காலத்தில் 16.67 மில்லி செகண்ட் இருந்ததால சுமாரான புராசஸரும் தப்பிச்சது. 6.94-லும் 4.17-லும் அது மாட்டிக்கும்.

"எட்டு கோர் இருக்கே" என்றால்?

கோர் அதிகமா இருந்தா ஃப்ரேமும் அதிகம் வரும்னு நினைக்கிறது இயல்பு. ஆனா கேமின் வேலை முழுசையும் பிரிச்சுக் கொடுக்க முடியாது. முதல்ல மவுஸ் எங்கே போச்சுன்னு தெரியணும். பிறகுதான் கேமரா எந்தப் பக்கம் பார்க்குதுன்னு தெரியும். அதுக்கப்புறம்தான் எந்தப் பொருள் கண்ணுக்குத் தெரியும்னு முடிவு பண்ண முடியும். ஒண்ணு முடிஞ்சாத்தான் அடுத்தது. இந்த வரிசை வேலையைத்தான் மெயின் த்ரெட் என்கிறோம்.

ஜீன் ஆம்டால் 1967-ல் சொன்ன வாதத்தை இன்னைக்கு ஆம்டால் விதின்னு படிக்கிறோம். அது அப்படியே இங்கே பொருந்தும். ஒரு ஃப்ரேமுக்கு மொத்தம் 10 மில்லி செகண்ட் வேலை, அதில் 4 மில்லி செகண்ட் வரிசையாகத்தான் செய்யணும்னு வச்சுக்குங்க. பிரிக்கக்கூடியது 6. ஆறு கோர் இருந்தா 4 + 1 = 5 மில்லி செகண்ட், 200 எஃப்.பி.எஸ். கோரை ரெண்டு மடங்காக்கி பன்னிரண்டு ஆக்கினா 4 + 0.5 = 4.5, அதாவது 222. ஆயிரம் கோர் போட்டாலும் 250-ஐத் தாண்டாது. அந்த 4-ஐக் குறைக்கணும்னா ஒரு கோரே தனியா வேகமா இருக்கணும்.

ஒரு கோரின் வேகம் கிகாஹெர்ட்ஸ் மட்டும் இல்லை. இதுக்கு நல்ல சாட்சி ஏஎம்டி 2022 ஏப்ரலில் விட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி. அதுக்கு முந்தைய 5800எக்ஸிலும் எட்டு கோர், இதிலும் எட்டு கோர். க்ளாக் வேகம் 4.7-லிருந்து 4.5 கிகாஹெர்ட்ஸாகக் குறைஞ்சுது. ஆனா எல்3 கேஷ் 32 எம்பியிலிருந்து 96 எம்பி ஆச்சு. பல கேம்களில் க்ளாக் குறைஞ்ச சிப்தான் முந்தியது.

காரணம் எளிது. கேமுக்குள்ள ஆயிரக்கணக்கான பொருட்களின் விவரம் மெமரியில் அங்கங்கே சிதறிக் கிடக்கும். கேஷில் இல்லாததை ரேமிலிருந்து எடுக்கணும். ஒரு தடவை எடுக்க 80 நானோ செகண்ட் என்று வைத்தால், 4.5 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு அது 360 க்ளாக் சைக்கிள். அவ்வளவு நேரம் கோர் கையைக் கட்டிக்கிட்டு நிக்கலாம். கேஷ் பெரிசா இருந்தா அந்தக் காத்திருப்பு குறையும். ரேம் வேகமும் இதே காரணத்துக்காகத்தான் எஃப்.பி.எஸ்-ஐப் பாதிக்குது.

உங்க பிசியில் யார் தடை?

"பாட்டில்நெக் கால்குலேட்டர்" என்ற பேரில் புராசஸர் பேரும் கார்டு பேரும் கொடுத்தா ஒரு சதவீதம் சொல்ற கருவிகள் இருக்கு. அதை நம்பி வாங்காதீங்க. மேலே பார்த்த கணக்கிலேயே ஒரே ஜோடி 1080பியில் ஒரு பக்கமும் 1440பியில் மறு பக்கமும் தடைபட்டுது. கேமுக்குக் கேம் இது மாறும். ஒரே மேட்சுக்குள்ளேயே, தனியா நடக்கும்போது ஒண்ணும் சண்டை வந்தா வேறொண்ணுமா மாறும். ஜோடிக்கு ஒரே சதவீதம் என்று ஒன்று கிடையாது.

அதுக்குப் பதிலா அஞ்சு நிமிஷத்துல நீங்களே பார்த்துக்கலாம்.

வி-சிங்கை ஆஃப் பண்ணுங்க, எஃப்.பி.எஸ். லிமிட்டை எடுத்துடுங்க. எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரோ, இன்டெல் வெளியிட்ட பிரசன்ட்மானோ ஓட விடுங்க, ரெண்டும் இலவசம். நீங்க வழக்கமா ஆடுற கேமில், சண்டை நடக்கிற இடத்தில், எஃப்.பி.எஸ்-ஐக் குறிச்சுக்குங்க. பிறகு ரெசல்யூஷனை 720பிக்கு இறக்கி அதே இடத்தில் திரும்பப் பாருங்க.

எஃப்.பி.எஸ். நல்லா ஏறினா தடை கார்டு. அப்படியே நின்னா தடை புராசஸர் அல்லது ரேம்.

கார்டு யூசேஜ் 97, 98 சதவீதத்தில் நின்னாலும் கார்டுதான் தடைன்னு சொல்லலாம். ஆனா புராசஸர் யூசேஜை வச்சு முடிவு பண்ணாதீங்க. "சிபியு 35 சதவீதம்தானே ஓடுது, அது எப்படித் தடையாகும்?" என்பது அடிக்கடி கேட்கிற கேள்வி. பன்னிரண்டு த்ரெட் உள்ள புராசஸரில் ஒரு த்ரெட் முழுசா மூச்சு முட்டி ஓடினாலும் மொத்தக் கணக்கில் அது 8.3 சதவீதம்தான். மெயின் த்ரெட் திணறிக்கிட்டிருக்கும். டாஸ்க் மேனேஜர் எல்லாம் நல்லாருக்குன்னு காட்டும்.

சராசரியை மட்டும் பார்க்கவும் கூடாது. ஆயிரம் ஃப்ரேமில் மிக மெதுவான பத்தை மட்டும் எடுத்துப் போடுற கணக்குக்கு 1% லோ என்று பேர். சராசரி 160, 1% லோ 70 என்றால் அந்த 70 எப்ப வருதுன்னு யோசிங்க. சும்மா சுவரைப் பார்த்து நிக்கும்போது வராது. நாலு பேர் ஸ்மோக்கும் ஃபிளாஷும் போடும்போதுதான் வரும். அந்த நேரத்துக்காகத்தான் நாம மானிட்டரே வாங்கினோம். 1% லோ குறைவா இருக்கிற பல இடங்கள்ல காரணம் புராசஸர், ரேம், இல்லைன்னா கார்டின் மெமரி பத்தாம போறது.

எந்த கேமுக்கு எந்தப் பக்கம்?

வேலரன்ட்: 2020 ஜூனில் வந்த கேம். பழைய பிசியிலும் ஓடணும்னே செஞ்சது. 144 எஃப்.பி.எஸ்-க்கு ரயட் கேம்ஸ் பரிந்துரைக்கிற என்விடியா கார்டு எது தெரியுமா? ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016-ல் வந்த, 75 வாட் கார்டு. இந்த கேமுக்காக மட்டும் பெரிய கார்டு வாங்குறவங்க இந்த ஒரு வரியை ரெண்டு தடவை படிக்கணும். இங்கே காசு போக வேண்டியது புராசஸருக்கும் ரேமுக்கும்.

கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2: 2023 செப்டம்பரில் வந்தது. சிஎஸ் கோவைவிடக் கார்டுக்கும் வேலை கூடுதல். இருந்தாலும் 1080பி லோவில் 240 எஃப்.பி.எஸ். தேடுறவங்களுக்கு முதல்ல இடிக்கிறது பெரும்பாலும் புராசஸர் கூரைதான்.

சைபர்பங்க் 2077 மாதிரி கதை கேம்கள்: 1440பி, ரே டிரேசிங் என்று போனால் கார்டுதான் தடை. இங்கே நடுத்தர புராசஸரும் நல்ல கார்டும் போதும்.

எல்டன் ரிங்: பிசியிலும் 60 எஃப்.பி.எஸ்-க்குப் பூட்டு போட்டிருக்காங்க. இதுக்காக 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்குறது வீண்.

"டிஎல்எஸ்எஸ் போட்டா எல்லாம் சரியாயிடுமே" என்று ஒரு வாதம் வரும். 1440பியில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி போட்டா கார்டு உள்ளே ஏறக்குறைய 960பி அளவில்தான் வரையும்; பிறகு பெரிசாக்கும். கார்டின் வேலை குறையும், புராசஸரின் வேலை குறையாது. ஆக அப்ஸ்கேலிங் போடப் போட, தடை புராசஸர் பக்கம் நகரும். ஃப்ரேம் ஜெனரேஷன் கதை வேற. ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவில் ஒண்ணைக் கார்டே உருவாக்கிச் சொருகும். கண்ணுக்கு மென்மையா இருக்கும். ஆனா அந்த நடு ஃப்ரேம் உங்க மவுஸைப் படிச்சு வந்ததில்லை. கதை கேமுக்கு நல்லது. போட்டி ஷூட்டருக்கு அது பதில் ஆகாது.

பேரைப் பார்த்து ஏமாறாதீங்க

ரைசன் 5 5600, ரைசன் 5 5600ஜி. பேரில் ஒரு எழுத்துதான் வித்தியாசம். ரெண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். ஆனா 5600-ல் எல்3 கேஷ் 32 எம்பி, பிசிஐஇ 4.0. 5600ஜியில் 16 எம்பி, பிசிஐஇ 3.0. 5500-ம் 16 எம்பி, 3.0 தான். தனிக் கார்டு போடப் போறவங்க 5600ஜி வாங்க ஒரு காரணமும் இல்லை. கார்டு இல்லாம ஒரு வருஷம் ஓட்டப் போறவங்களுக்குத்தான் அது சரி. இதே பிசிஐஇ 3.0 இணைப்பில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போட்டா இன்னொரு அடி. அந்தக் கார்டு நாலு லேன்தான் பயன்படுத்தும், 3.0-ல் அந்த நாலு லேனின் வேகமும் பாதியாயிடும்.

லேப்டாப்பில் இது இன்னும் மோசம். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டுக்கு என்விடியா கொடுத்திருக்கிற பவர் அளவு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. எந்த வாட்டில் ஓட்டணும்னு லேப்டாப் கம்பெனிதான் முடிவு பண்ணும். ஒரே பேர், ஒரே ஸ்டிக்கர், வேகம் வேற வேற. வாங்கும்போது வாட் எவ்வளவுன்னு கேளுங்க. மக்ஸ் ஸ்விட்ச் இருக்கான்னும் கேளுங்க. அது இல்லாட்டி கார்டு வரைஞ்ச படம் புராசஸருக்குள்ள இருக்கிற கிராபிக்ஸ் வழியா சுத்தித்தான் திரைக்குப் போகும். கூடவே ஒண்ணு: லேப்டாப்பில் புராசஸரும் கார்டும் பெரும்பாலும் ஒரே ஹீட் பைப்பைப் பங்கு போடும். ஏசி இல்லாத ஹாஸ்டல் ரூமில், மெத்தை மேல வச்சு ஆடினா, ஒண்ணோட சூடு இன்னொண்ணையும் இழுத்துக்கிட்டு இறங்கும்.

காசில்லாம கிடைக்கிற ஃப்ரேம்

புதுசா எதையும் வாங்குறதுக்கு முன்னாடி இதையெல்லாம் பாருங்க.

ரேம் ரெண்டு ஸ்டிக்கா இருக்கா? டிடிஆர்4-3200 ஒரு ஸ்டிக் போட்டா கிடைக்கிற வேகம் செகண்டுக்கு 25.6 ஜிபி, ரெண்டு ஸ்டிக்கை சரியான ஸ்லாட்டில் போட்டா 51.2 ஜிபி. 16 ஜிபி வாங்குறதா இருந்தா 8 + 8 ஆக வாங்குங்க.

பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் ஆகியிருக்கா? இல்லைன்னா 3200 என்று எழுதியிருக்கிற ரேம் 2133-லோ 2400-லோ 2666-லோ ஓடிக்கிட்டிருக்கலாம்.

விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் ரிஃப்ரெஷ் ரேட் 144 என்று மாத்தினீங்களா? மானிட்டரை மாட்டினதும் 60-லேயே நிக்கிறது ரொம்ப சாதாரணம். மாசக்கணக்கில் 60-லேயே ஆடிக்கிட்டு "செம ஸ்மூத்" என்கிறவங்களும் உண்டு.

கேபிள் கார்டில் மாட்டியிருக்கா, மதர்போர்டில் மாட்டியிருக்கா? மதர்போர்டில் மாட்டினா கார்டு இருந்தும் பயன் குறைவு. டிஸ்ப்ளே போர்ட் இருந்தா அதையே பயன்படுத்துங்க.

ஃப்ரீசிங்க் அல்லது ஜி-சிங்க் மானிட்டர் என்றால் அதை ஆன் பண்ணி, எஃப்.பி.எஸ். லிமிட்டை ரிஃப்ரெஷ் ரேட்டுக்கு மூணு நாலு கீழே வையுங்க, 144-க்கு 140. கார்டு முழுசா 99 சதவீதத்தில் நிக்கும்போது புராசஸர் அனுப்பின ஃப்ரேம்கள் வரிசையில் தேங்கும். மவுஸ் அசைவு திரைக்கு வரத் தாமதமாகும். கார்டுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் இருந்தா அந்தத் தேக்கம் வராது. கேமில் என்விடியா ரிஃப்ளெக்ஸ் இருந்தா ஆன் பண்ணுங்க; அது செய்யுறதும் இந்தத் தேக்கத்தைக் குறைக்கிற வேலைதான்.

பிங் கணக்கையும் சேர்த்துக்குங்க

தெற்குக் கோடியில் இருக்கிறவங்களுக்கு இது முக்கியம். வேலரன்ட்டின் இந்திய சர்வர் மும்பையில் இருக்கு. சிதறாலிலிருந்து மும்பை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,280 கிலோமீட்டர். ஃபைபருக்குள்ள ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். போய்த் திரும்ப 2,560 கிலோமீட்டர், அதாவது குறைஞ்சபட்சம் 12.8 மில்லி செகண்ட். கேபிள் நேர்கோட்டில் போகாது, நடுவில் ரவுட்டர்களும் இருக்கு. அதனால உண்மையான பிங் இதைவிடக் கூடுதலாத்தான் இருக்கும். எந்த கார்டு வாங்கினாலும் இயற்பியலோட இந்த 12.8-ஐக் குறைக்க முடியாது.

144-லிருந்து 240-க்குப் போனா மிச்சமாகிறது 2.8 மில்லி செகண்ட் என்று பார்த்தோம். வைஃபையில் ஆடும்போது பிங் ஏறி இறங்குற அளவே பல நேரம் இதைவிட அதிகம். அப்படி இருக்க, மானிட்டருக்கு முன்னாடி வாங்க வேண்டியது ரவுட்டரிலிருந்து பிசி வரைக்கும் ஒரு லேன் கேபிள்.

வாங்குற வரிசை

ரெண்டும் எப்பவும் 100 சதவீதம் ஓடுறதுக்குப் பேர் சமநிலை இல்லை. அப்படி ஒரு பிசி கிடையாது. எப்பவும் ஒண்ணு இன்னொண்ணுக்காகக் காத்திருக்கும். நீங்க ஆடுற கேமில், நீங்க வைக்கிற செட்டிங்கில், ரெண்டு கூரையும் உங்க மானிட்டர் ஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே இருந்தா போதும். அதுக்கு மேல எந்தப் பக்கம் போட்டாலும் அது வீண் காசு.

அதனால வரிசையைத் தலைகீழா மாத்துங்க. முதல்ல எந்த கேம் என்று முடிவு பண்ணுங்க. அடிக்கடி ஆடுற ஒண்ணோ ரெண்டோ போதும். அடுத்து மானிட்டர்: எந்த ரெசல்யூஷன், எத்தனை ஹெர்ட்ஸ். மூணாவது, அந்த கேமில் அந்த ஹெர்ட்ஸைத் தாங்குற புராசஸர். இதை 1080பி லோவில், பெரிய கார்டு வச்சு எடுத்த டெஸ்ட்டில் பாருங்க, அங்கேதான் புராசஸரின் உண்மையான கூரை தெரியும். சராசரியோட 1% லோவையும் பாருங்க. நாலாவது, உங்க ரெசல்யூஷனில் அதே எஃப்.பி.எஸ். தர்ற கார்டு, இதை உங்க செட்டிங்கில் எடுத்த டெஸ்ட்டில் பாருங்க. ரெண்டு டெஸ்ட்டிலும் எது சின்ன எண்ணோ, அதுதான் உங்களுக்குக் கிடைக்கப்போற எஃப்.பி.எஸ்.

காசு இழுபறியா இருந்தா, எதைப் பிறகு மாத்துறது சுலபம் என்று யோசிங்க. டெஸ்க்டாப்பில் கார்டைக் கழட்டி வேற கார்டு மாட்ட பத்து நிமிஷம். பழசுக்கு வாங்க ஆளும் இருக்கும். பவர் சப்ளை தாங்குதான்னு மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கணும். புராசஸரை மாத்தணும்னா சில நேரம் மதர்போர்டும் ரேமும் சேர்ந்து மாறும். ஆகவே 1080பியில் போட்டி ஷூட்டர் ஆடுறவங்க நல்ல புராசஸர், ரெண்டு ஸ்டிக் ரேம், சுமாரான கார்டு என்று தொடங்குறதுதான் நல்லது. பிளேஸ்மென்ட் கிடைச்ச பிறகு கார்டைப் பார்த்துக்கலாம். ஃபைனல் இயர் புராஜெக்டில் மெஷின் லேர்னிங் ஓட்டப் போறவங்க மட்டும் இந்தக் கணக்கில் ஒரு மாற்றம் பண்ணணும். அவங்களுக்குக் கார்டின் மெமரி எத்தனை ஜிபி என்பதே முதல் கேள்வி, எஃப்.பி.எஸ். இரண்டாவதுதான்.

அடுத்த தடவை "4060 போட்டா 240 வருமா?" என்று யாராவது கேட்டா, மூணு கேள்வி திருப்பிக் கேளுங்க: எந்த கேம்? எந்த ரெசல்யூஷன்? கூட என்ன புராசஸர்? மூணுக்கும் பதில் இருந்தா எஃப்.பி.எஸ்-ஐ ஓரளவு சரியாச் சொல்லிடலாம். இல்லைன்னா கடைக்குப் போறதை இன்னும் ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லுங்க.